சாவிக்கொத்து வேண்டாம், அந்தக் காந்தத்தை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் மனம் லேசாகும், முகத்தில் ஐஸ் தண்ணீர் அடியுங்கள் என்று உங்கள் நலப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். ஆனால் அதே நரம்பை வைத்து ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு வலிப்பு. மாத்திரைக்கு அடங்கவில்லை, வலிப்பு ஒரே இடத்திலிருந்து கிளம்பாததால் மூளை ஆபரேஷனுக்கும் வழியில்லை. அப்புறம்தான் அந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டும் இந்தக் கருவி. இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் மாதிரி ஒன்றை வைத்து, அதிலிருந்து வரும் கம்பியைக் கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பில் சுற்றிவிடுகிறார்கள். 30 விநாடி ஓடும், 5 நிமிடம் ஓய்வு, ராத்திரி பகல் இப்படியே. ஓடும்போது அவள் குரல் கரகரக்கும், பேச்சை நிறுத்திவிட்டு அந்த அரை நிமிடம் சும்மா இருப்பாள், எங்களுக்கும் பழகிவிட்டது.

அமெரிக்காவில் 1997-லேயே வலிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 2005-ல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும், 2021-ல் பக்கவாதத்தில் கை விளங்காமல் போனவர்களின் பயிற்சிக்கும், 2025-ல் முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கும்கூட. ஆனால் பொருத்தியதும் வலிப்பு நின்றுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். சுமார் பாதிப் பேருக்கு வலிப்பு பாதிக்குப் பாதி குறைகிறது, அதற்கே பல மாதம் ஆகும், மாத்திரையும் தொடரும். முதல் ஆறு மாதம் ஒரு மாற்றமும் தெரியாமல் அம்மா அழுதது எனக்குத்தான் தெரியும். இப்போது வாரம் நான்கு வந்த இடத்தில் மாதம் இரண்டு மூன்று.

முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். அவள் மணிக்கட்டில் வாட்ச் போல ஒரு காந்தம் கட்டியிருப்பாள். வலிப்பு வந்தால் அதைக் கழற்றி மார்பில் கருவி இருக்கும் இடத்தின் மேல் ஒருமுறை தடவி எடுத்தால் கூடுதலாக ஒரு தூண்டுதல் போகும், சில தடவை வலிப்பு அதோடு அடங்கிவிடும். அங்கேயே வைத்து அழுத்தக் கூடாது, கருவி ஓடாமல் நின்றுவிடும். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தபோது ஓடி வந்தவர்கள் நல்ல மனசோடுதான் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், காந்தம் அதே கையில் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தக் காந்தம் எப்படி இருக்கும், எங்கே தடவ வேண்டும் என்று உங்கள் நலப் பக்கத்தில் ஒருநாள் படத்தோடு போடுங்கள் சார்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்