புனேயிலிருந்து நெல்லைக்கு: வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள காகா, காகூ (மராத்தியில் சித்தப்பா, சித்தி), நிப்பாணி டீக்கடையில் பார்த்த நாமக்கல் அண்ணன், கித்தூர் டயர்க்கடைச் சேட்டன், ராணிபென்னூர் பங்க் தம்பி, கரூர் பட்டறை மேஸ்திரி, இன்னும் பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட எல்லோருக்கும்,

வணக்கம். புனேயில் காகாவிடம் வாங்கிய கேம்பர் வேன் பத்திரமாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மரத்தடியில் விடலாம் என்றால் கிளை இடிக்கிறது. உயரம் 9 அடி 8 அங்குலம் என்று காகா ஓட்டுநர் இருக்கைக்கு மேலே எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு, வழியெல்லாம் எத்தனையோ தகரக் கூரைகளைக் காப்பாற்றியது. இப்போது மரத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய ஃபோர்ஸ் டிராவலர் அது. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டினோம். மாமியார் பின்னால் படுத்துக்கொண்டும் பலகாரம் தின்றுகொண்டும் வந்தார். சுமார் 1,450 கிலோமீட்டர். இருவருக்கும் லைசென்ஸ் இருக்கிறது, காரில் நல்ல பழக்கமும் இருக்கிறது. ஆனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டி கார் இல்லை. வண்டியை விற்றது காகா. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தது வழியில் இருந்த நீங்கள் எல்லோரும். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் காகா, காகூ. மூட்டுவலி வந்த பிறகு ஏறி இறங்க முடியவில்லை என்று வண்டியை விற்றீர்கள். சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். நீங்களோ எந்த சுவிட்ச் எதற்கு, எந்த ஃபியூஸ் எங்கே, கேஸ் சிலிண்டர் வால்வை ஓடும்போது ஏன் மூட வேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி, படமும் போட்டுக் கொடுத்தீர்கள். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்குப் படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. இதற்கெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எங்களோடு நீங்களும் நின்றீர்கள். அந்த அலைச்சலைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மடல் புலம்பலாகிவிடும்.

எங்களுக்கு மறக்க முடியாதது உங்கள் ஃபாஸ்டேக்தான். ஆர்.சி. எங்கள் பெயருக்கு மாறும்வரை புது டேக் வாங்க முடியாது. டேக் இல்லாமல் போனால் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். "வீடு போய்ச் சேரும்வரை என்னுடையது இருக்கட்டும்" என்றீர்கள். பணத்தை முன்கூட்டியே அனுப்பினோம், அது சின்ன விஷயம். சுங்கம் கழியும்போதெல்லாம் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி போகும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆனேவாடி சாவடி தாண்டியதும் காகூவிடமிருந்து ஒரு செய்தி: "சாத்தாரா வருகிறது, கந்தி பேடா வாங்காமல் போகாதீர்கள்." தாசவடே தாண்டியதும் காகா: "கராட் வந்துவிட்டதா? மெதுவாகப் போங்கள், மாற்றுப்பாதை நிறைய." ஆறுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்த எச்சரிக்கை உண்மையிலேயே உதவியது. கிணி, கோக்னோளி, ஹத்தர்கி என்று சாவடிக்குச் சாவடி நீங்களும் எங்களோடு வந்தீர்கள்.

நாமக்கல் அண்ணனுக்கு. கோலாப்பூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் நுழைந்ததும் நிப்பாணி அருகே டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் பின்னாலேயே உங்கள் டேங்கர் வந்து நின்றது. எம்.எச். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் ஆரம்பித்தீர்கள். மாமியார் "டீயில சீனி போடச் சொல்லுல" என்று மகனிடம் சொன்னதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டீர்கள்.

"ஏனுங்க, வளைவுல வண்டி ரெண்டு தடவ சாயுதுங்களே, உள்ள தண்ணி டேங்க் இருக்குதுங்களா?"

இருக்கிறது, 120 லிட்டர் என்றோம். குனிந்து தொட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தீர்கள். பாதியில் சத்தம் மாறியது. "பாதி இருக்குதுங்க. அதான். வண்டி திரும்பி முடிச்ச பொறவுதான் தண்ணி திரும்புது. ஒண்ணு ரொப்பிக்கோங்க, இல்லாட்டி காலி பண்ணிப்போடுங்க. பாதி மட்டும் ஆகாது." அங்கேயே குழாயைத் திறந்து, கடைக்காரரின் செடிகளுக்கு விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு வளைவில் வண்டி ஒரே தடவைதான் சாய்ந்தது. அதுவரை ஸ்டியரிங்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தோம்.

கிளம்பும்போது, "தொப்பூர்ல மட்டும் நியூட்ரல் போட்ராதீங்க. டீசல் மிச்சம்னு போடுறவனெல்லாம் பிரேக் சூடாகி முன்னாடி போறவன் மேல ஏத்தறான்" என்றீர்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன்பே கணவர் இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். எஞ்சின் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும் என்று இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும்.

சேட்டா, உங்களிடம் வந்தது காற்று அடிக்கத்தான். ஹிரேபாகேவாடி சாவடி தாண்டி, கித்தூருக்கு முன்னால் சாலையோரம் இருந்தது உங்கள் கடை. குழாயைக் கையில் எடுத்தீர்கள். பின்பக்க டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தீர்கள், குழாயைக் கீழே போட்டுவிட்டீர்கள். "காத்து அடிக்க மாட்டேன்." எங்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. போன் வெளிச்சத்தில் காட்டினீர்கள்: பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. மேலே, சாலையில் படும் பட்டன்கள் எல்லாம் புதிதுபோல ஆழமாக இருந்தன. நாங்கள் பார்த்து வாங்கியது அதைத்தான். நீங்கள் பார்த்ததோ பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களை. 1417. 2017-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்த டயர்.

"ஓடுன வண்டியில டயர் தேயும். நிக்குற வண்டியில டயர் சாகும்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னீர்கள். கேம்பர் வேன் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கும். நிற்கும்போதும் வீட்டுச் சாமான் மொத்தமும் அதே நாலு இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். ரப்பர் இறுகி வெடிக்கத் தொடங்கும், பட்டன் மட்டும் அழகாக இருக்கும். பழைய கேம்பர் வாங்குகிற யாரும் கிலோமீட்டரைப் பார்க்கும் முன் அந்த நான்கு எண்களைப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த எடை தாங்கும் டயர் உங்கள் கடையில் இல்லை. கைக்கு வந்ததை மாட்டி அனுப்பியிருக்கலாம். நீங்கள் ஹூப்ளிக்குப் போன் போட்டு, பஸ்ஸில் ஏற்றி வரவழைத்தீர்கள். நடத்துநர் டயரை இறக்கிவைத்துவிட்டு ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் விசில் அடித்தார். அவருக்கும் நன்றி, பொறுமையாக உட்கார்ந்திருந்த அந்தப் பயணிகளுக்கும் நன்றி.

அந்த இடைவெளியில்தான் காகாவின் போன். ஹிரேபாகேவாடிக்கு அப்புறம் வெகுநேரமாகச் செய்தியே வரவில்லை, என்ன ஆயிற்று என்று குரலில் பதற்றம். டயர் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டார், தமிழில்தான். "டயர்" என்ற சொல் போதுமானதாக இருந்தது. அன்று மாலையே இரண்டு டயருக்கான பணத்தை அனுப்பிவிட்டீர்கள், காகா. திருப்பி அனுப்பினோம், மறுபடியும் வந்தது. சரி, இந்த விளையாட்டில் உங்களிடம் தோற்றோம்.

ராணிபென்னூர் தாண்டி இருந்த பங்கில் இராத்திரி வேலை பார்த்த தம்பிக்கு: விளக்கு வெளிச்சம் விழும் மூலையைக் காட்டி, முகப்பைச் சாலைப்பக்கம் வைத்து நிறுத்தச் சொன்னாய். நாங்கள் முதலில் நிறுத்திய இடம் விடியற்காலையில் லாரிகள் வரிசைகட்டும் இடமாம். மாமியாருக்காகக் கழிப்பறையைக் கழுவிவிட்டுச் சாவியையும் தந்தாய். தாவணகெரே பெண்ணெ தோசையை எந்தக் கடையில் சாப்பிட வேண்டும் என்று நீ சொன்னதும் சரியாகவே இருந்தது. மாமியார் மட்டும் "நம்ம ஊர் தோசைக்கு இது வெண்ணெய் போட்ட பாவனை" என்றார். அவர் அப்படித்தான்.

பெங்களூரு நெரிசலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓசூர் தாண்டியதும் வேறு வேடிக்கை. வண்டியின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பெரிதாகக் கேரவன் என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமாதானே. கிருஷ்ணகிரிக்கு அருகே டீக்கடையில் நிறுத்தியதும் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. எந்த நடிகர் இறங்குவார் என்று பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கதவைத் திறந்து இறங்கியது என் மாமியார், கையில் சொம்போடு. ஆனாலும் படம் எடுத்தீர்கள் தம்பிகளா, நன்றி. உள்ளே வந்து அடுப்பையும் படுக்கையையும் பார்த்துவிட்டு, போகும்போது மறக்காமல் மண்டை இடிக்கும் இடத்தைக் காட்டி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டீர்கள்.

கரூர் மேஸ்திரி அண்ணாச்சிக்கு. மேல் அலமாரிக் கதவு தொப்பூரிலிருந்தே ஆடி, நாமக்கல் வரும்போது கையோடு வந்துவிட்டது. கரூர் பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர், கேட்டுப் பார்ப்போமே என்று நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வந்தோம். முழு பஸ் கட்டுகிற பட்டறையில் ஒரு அலமாரிக் கதவுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? நீங்கள் ஒதுக்கினீர்கள். கீலைப் பார்த்துச் சிரித்தீர்கள். "பிளைவுட்டுல ஸ்க்ரூ முடுக்கறது வீட்டுக்குங்க. வண்டி ஆடிக்கிட்டே இருக்கும், ஸ்க்ரூ தானா கழண்டுக்கும். வண்டிக்குப் போல்ட்டு நட்டு, இல்லீன்னா ரிவெட்." ஒரு கதவுக்கு வந்தோம். எல்லாக் கதவுகளுக்கும் துளை போட்டு, கழலாத நைலான் நட்டு மாட்டிக் கொடுத்தீர்கள். நட்டுக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். கூலி என்றதும், கட்டிக்கொண்டிருந்த பஸ்ஸைக் காட்டி "அது குடுக்கும்" என்றீர்கள்.

அப்புறம் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர். மூன்று சாவடிக்கும் காகூவிடமிருந்து மூன்று கைகூப்பல் வந்தது.

மறுபதிவு வேலை இங்கே தொடங்கிவிட்டது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் பழைய எண்ணில் வைத்திருக்க முடியாது, அதற்குள் முடித்துவிடுவோம். அதுவரை டேக் உங்கள் பெயரில்தான் ஓடும் போலிருக்கிறது, காகா. அடுத்த வாரம் நாங்குநேரியிலிருந்து ஒரு செய்தி வந்தால் பதற வேண்டாம். மாமியார் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து மூவரும்