ஐந்து சென்ட் விஷயமாக மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மனை விளம்பரத்தைப் பார்த்தேன். ‘செங்கோட்டைக்கு மிக அருகில், மலைக்காட்சியுடன்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும். அதற்குத் தனியாகக் காசு கேட்பவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாதே. காரணத்தைப் போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை சைக்கிளில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். குளத்துக்குக் கீழே இருக்கிற வயல் அது. கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் விளைந்த நஞ்சை. கொஞ்ச காலம் தரிசாகப் போட்டு, இப்போது கிராவல் அடித்துக் கல் நட்டிருக்கிறார்கள். மடையிலிருந்து வரும் வாய்க்கால் ஒரு மூலையில் மண்ணுக்குள் போகிறது, மறு மூலையில் வெளியே வரவில்லை. குளம் பெருகுகிற வருடம் அந்தத் தண்ணீர் உன் வாசலுக்குத்தான் வரும். வயலை விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். நடவுக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். கோட்டை என்ற பழைய அளவில் நெல் அளந்த மனிதரிடம் ஒருவன் வந்து சென்ட் கணக்கில் விலை சொன்னால் அவர் என்ன செய்வார்?

‘அப்ரூவல் வந்துவிடும்’ என்றார் தரகர். வந்த பிறகு பேசுவோம் என்றேன். நஞ்சையை மனையாக்க ஆட்சியரின் இசைவு வேண்டும், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேலே போனாலே, ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும், ரொம்பப் பெரிதாக இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பணமாவது கட்ட வேண்டும். 3,000 என்பது நம் கணக்கில் 74 சென்ட். அதனால் எழுபது எழுபது சென்ட்டாக நறுக்கி வேறு வேறு பெயரில் போடுகிற வித்தை ஒன்று உண்டு. இந்த வயலும் மூன்று பெயரில் இருக்கிறது. பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று தரகர் உன்னிடம் சொல்லியிருப்பாரே, அது உண்மைதான். 2025 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன் அம்மா. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனைப்பிரிவுக்குப் பெரும்பாலான கிரயப் பத்திரங்களை எழுதியவன் நான்தான். உன் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தப் பணம். ஒப்புதல் இல்லாத இடம் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். 2016 செப்டம்பரில் அப்படிப்பட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மறு வருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வரும்வரை ஒரே குழப்பம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் மனை வாங்கிய ஓர் அம்மாள், மகள் கல்யாணத்துக்கு அதை விற்க முடியாமல் என் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அதைச் சொல்லவா முடியும்?

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். 2010-ல் நின்ற, கேரளத்துப் புனலூருக்குப் போகிற ரயில் 2018-ல் அகலப்பாதையில் திரும்ப ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் தென்காசி தனி மாவட்டமானது, அலுவலகங்கள் வந்தன, வாடகை கேட்டு ஆட்கள் வந்தார்கள். மேற்கே கேரளத்தில் நிலம் குறைவு, நெல்வயலை மண் போட்டு நிரப்புவதற்கு எதிராக 2008-லிருந்து கடுமையான சட்டமும் இருக்கிறது. அங்கே முடியாததை இங்கே வாங்குகிறார்கள். நம் பக்கத்துப் பாறை ஜல்லியாகி லாரியில் எல்லையிலுள்ள புளியரை தாண்டிப் போகிறது, பணம் அதே வழியில் மனை வாங்கத் திரும்பி வருகிறது. வாங்கியவர்களில் வீடு கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற மனைகளில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நகராட்சியில் துப்புரவு வேலை செய்கிற பெண் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காமல் மூன்று மாதமாக அலைகிறாள்.

ஊருக்குள் வீடு இல்லையா? நம் தெருவிலேயே ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்க மனம் இல்லாமல் அல்ல. பாகப்பிரிவினை ஆகவில்லை. ஒருவர் மும்பையில், ஒருவர் குவைத்தில், ஒருவர் இறந்து அவருடைய வாரிசுகள் மூன்று பேர். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் உத்திரத்தைக் கரையான் தின்றுவிடும். வயலை மனையாக்குவதற்குத் தரகர் இருக்கிறார், பூட்டிய வீட்டைத் திறப்பதற்கு ஒருவரும் இல்லை.

உன் பெரியப்பா வீட்டைத்தான் சொல்ல வருகிறேன். பட்டாசல் என்கிற கூடமும் அரங்கு என்கிற உள்ளறையும் இன்னும் உறுதியாக இருக்கின்றன, ஓடு மட்டும் மாற்ற வேண்டும். கிணற்றில் கோடையிலும் தண்ணீர். மூலப் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் அல்லவா, சங்கு முத்திரை போட்ட காகிதத்தில், கொல்லம் என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதியது. பெரியப்பா பிள்ளைகளில் உன் அண்ணன்மார் இருவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். சின்ன அக்காளும் சரி என்கிறாள். சொந்தம் என்று விலையைக் குறைத்துக் கேட்காதே, வெளியாள் தருவதைக் கொடு.

மீதி புனலூர் அக்காள். அவள் என்னோடு பேசுவதில்லை. பெரியப்பாவின் பதினாறாம் நாளில், விருந்து முடிந்து இலை எடுப்பதற்குள், நான் பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்தேன். தொழில் புத்தி. அவள் எழுந்து போய்விட்டாள். அவள் செய்தது சரி.

ஞாயிறு காலையில் நீ அவளிடம் பேசு. வீட்டைப் பற்றி முதல் தடவை ஒன்றும் சொல்லாதே. கிணற்றடி மாதுளை இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது, அவள் வைத்த கன்று. வௌவால் கடிப்பதற்குள் அப்பா பறித்து வைத்திருக்கிறார், ரயிலில் கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
அப்பா