வெறுஞ்சுவர் வேண்டாம் மாப்ள

மாப்ள,

புது வீட்டு போட்டோ எல்லாம் பார்த்தேன். சமையல் மேடை நல்ல அகலம், அம்மாவுக்கு வசதியாக இருக்கும், அவங்க முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே திருநகரில் எல்லோரும் நலம், மகள் பத்தாவது படிக்கிறாள், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

சரி, ஹால் சுவர் விஷயம். டிவி ஒன்று போதும், பட்டி பார்த்த சுவரில் ஆணி அடித்தால் கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு படமாவது மாட்டு.

நம் வீடுகளில் படம் இல்லாத சுவரே கிடையாதே மாப்ள. சிவகாசியில் அச்சான காலண்டரில் தேதி தீர்ந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்தார்கள். அது பக்தி மட்டும் இல்லை, அவ்வளவு அழகான ஒன்றைக் குப்பையில் போட மனசு வராததும்தான். அதில் நிறையப் படங்கள் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கும் மீனாட்சி கல்யாணப் படம், அதைப் பார்த்துத்தானே நமக்கெல்லாம் அந்தக் கதை முதலில் தெரிந்தது? ஓவியம் பணக்காரர் சமாச்சாரம் என்று இப்போது பேசுகிறோம், ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

கோயிலிலும் மியூசியத்திலும் பார்ப்பது வேறு. அழகர்கோவில் வசந்த மண்டபத்து ராமாயண ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறோம். வீட்டில் இருக்கும் படம் அப்படி இல்லை, காலை வெளிச்சத்தில் ஒன்று தெரியும், ராத்திரி விளக்கில் வேறொன்று தெரியும், பல நாள் கவனிக்காமலே கடந்து போவோம், திடீரென்று ஒருநாள் நிறுத்திவிடும். எங்கள் வீட்டு நடையில் மனோகர் தேவதாஸ் வரைந்த மீனாட்சியம்மன் கோயில் படத்தின் அச்சுப் பிரதி மாட்டியிருக்கிறேன், தெரியுமில்லையா, 1936இல் நம் ஊரில் பிறந்தவர், விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே போனபோதும் மதுரையைப் பேனாவும் மையும் வைத்து அவ்வளவு நுணுக்கமாக வரைந்தவர். மகள் சின்ன வயதிலிருந்து அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம்தான் கிட்டே போய் நின்று, "அப்பா, இது முழுக்க வெறும் கோடுதானா?" என்று கேட்டாள். அவர் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். அதிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எப்படிச் செய்யப்பட்டது என்று தேடுகிறாள். இதை எந்த டியூஷனில் கற்றுக்கொடுக்க முடியும், சொல்?

அதனால் சோபா நிறத்துக்குப் பொருத்தமாகக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற படம் வேண்டாம். வாஸ்துவுக்கு ஏழு குதிரை மாட்டச் சொல்லி உன் மச்சான் நிற்பார், நம்பிக்கை இருந்தால் அதுவும் இருக்கட்டும், ஆனால் ஒன்றாவது உனக்கே பிடித்துப்போய் வாங்கியதாக இருக்க வேண்டும். பெரிய விலை தேவையில்லை. கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் வரைந்ததை வாங்கினால் அவர்களுக்கும் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

அப்புறம், மாட்டுவதில் கொஞ்சம் கவனம். வெயில் நேராக விழும் சுவர் கூடாது, சாயம் வெளுத்துவிடும். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். பிரேம் போடும்போது கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல். ரொம்ப உயரத்தில் மாட்டாதே, நின்றால் கண்ணுக்கு நேராக வரட்டும், கூடவே அம்மா உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்திலிருந்தும் தெரியட்டும். விருந்தாளியைவிட அவங்கதான் தினமும் பார்க்கப் போகிறவர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியும் வருவாய், ஒருநாள் முன்னாலேயே வா, விளாச்சேரிக்குப் போவோம். அங்கே செய்கிற மண் பொம்மையைக் கொலு முடிந்ததும் பரணில் ஏற்றிவிடுகிறோம், வருஷம் முழுக்க அலமாரியில் வைத்தால் என்ன? அதற்குள் ஹால் சுவரை டேப் வைத்து அளந்து அனுப்பு, எந்தப் பக்கம் வெயில் வருகிறது என்பதையும் எழுது.