மாப்பிள்ளைக்கு, உன் வடிவமைப்புக் கோப்பைப் பார்த்தபின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேலை தேடுவதற்காக நீ தயாரித்து அனுப்பிய வடிவமைப்புக் கோப்பை முழுவதும் பார்த்துவிட்டேன். உணவு கொண்டுவரும் செயலி ஒன்றை மாற்றி வரைந்திருக்கிறாய். நிறத்திலும் எழுத்துருவிலும் இடைவெளியிலும் உன் கண் நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் நீ படைத்திருக்கும் கற்பனைப் பயனர் இருக்கிறாரே, 28 வயது, பெங்களூரில் வேலை, புதிய போன், வேகமான இணையம், அவருக்கு உன் உதவி தேவையே இல்லை. பசித்தால் எந்தச் செயலியிலும் பிரியாணி வாங்கிவிடுவார்.

திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளை யாரும் சில மாதங்களில் கற்றுவிடலாம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு சேவை எங்கே சிக்குகிறது என்பது, அதைப் பிறருக்காகச் செய்துகொடுத்துப் பிழைப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களிடம் போய் உட்கார்.

2021 மே மாதத்தை நினைத்துப்பார். 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள, அரசின் கோவின் (CoWIN) இணையதளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். தளம் ஆங்கிலத்தில் இருந்தது. செல்பேசி எண், ஓடிபி, அடையாள அட்டை விவரம், பின்கோடு என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனால் காலியிடம் அதற்குள் தீர்ந்திருக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், இடம் திறந்ததும் டெலிகிராமில் தகவல் அனுப்பும் கருவிகளைச் செய்தார்கள். அவற்றில் பெயர்பெற்ற ஒன்றைச் செய்தவர் சென்னைக்காரர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் யாருக்கு முதலில் ஊசி என்பதை விரல் வேகம் தீர்மானித்தது. நகரத்தவர்கள் காரில் கிளம்பிக் கிராமத்து மையங்களில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். மே 24 அன்று, அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்யவும் அனுமதி தரப்பட்டது. இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை மே 31 அன்று உச்ச நீதிமன்றமும் எழுப்பியது. ஜூன் தொடக்கத்தில் தளத்தில் இந்தியும் வேறு பல இந்திய மொழிகளும் வந்தன; முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சேர்த்தார்கள்.

இவையெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. முன்பதிவு செய்துவிட்டு மையத்துக்கே போகாத சிலருக்கு, ‘உங்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. மையத்தில் விவரம் பதிந்த பணியாளர் தவறான பெயருக்கு எதிரே குறித்துவிட்டிருந்தார். மே 8 முதல் நான்கு இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்றைக் கொடுத்து, ஊசி போட வருபவர் அதைச் சொன்னால்தான் பதிவாகும்படி மாற்றினார்கள். எதிரே நீண்ட வரிசையை வைத்துக்கொண்டு திரையைத் தொடும் அந்தப் பணியாளரும் பயனர்தான். உன் பாடத்திட்டத்தில் அவர் எங்கேயாவது வருகிறாரா?

ஆகவே ஓர் இ-சேவை மையத்துக்குப் போ. அங்கே வேலை செய்பவரிடமும் வருகிறவர்களிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்கார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முதலில் திரையைப் பார்க்காதே, திரையைச் சுற்றிப் பார். கணினியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது? படத்தின் அளவைக் குறைக்க எந்தக் கருவியைத் திறந்தே வைத்திருக்கிறார்? விண்ணப்பம் எங்கெல்லாம் பேசாமல் இருந்துவிட்டதோ, அங்கெல்லாம் அவர் கையால் எழுதி ஒட்டியிருப்பார்.

ஓடிபி வரும் நேரத்தைத் தவறவிடாதே. பாட்டி மையத்தில் இருப்பார். எண் திருப்பூரில் வேலையில் இருக்கும் மகனுடையது. அவர் போனை எடுத்து, படித்துச் சொல்லி, பாட்டி அதைத் திருப்பிச் சொல்வதற்குள் காலம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பு என்பார்கள். செல்பேசியும் அதன் சொந்தக்காரரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து நினைத்ததன் விலை இது.

பெயர்ப் பெட்டியும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டாவதைக் கட்டாயமாக்கினால், தலைப்பெழுத்தோடு வாழ்கிற நம் ஊர்க்காரர் என்ன செய்வார்? ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே மறுபடி எழுதுவார். பான் விண்ணப்பம் தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறது. ஆதாரிலோ பலருக்கு அது ஓர் எழுத்தாகவே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நாளில் பெயர் பொருந்தவில்லை என்று வரும்போதுதான் அந்தப் பெட்டியின் குணம் தெரியும்.

பார்க்கும்போது வாயை மூடிக்கொள்வது கடினமான வேலை. கை தயங்கி நிற்கும்போது, ‘அங்கே அழுத்துங்கள்’ என்று சொல்லத் துடிப்பாய். சொல்லாதே. ‘நன்றாக இருக்கிறதா?’ என்றும் கேட்காதே. நம் மக்கள் மரியாதைக்காக ‘நன்றாக இருக்கிறது தம்பி’ என்றுதான் சொல்வார்கள். கடைசியாக இதைச் செய்தபோது என்ன நடந்தது என்று கேள், கதை தானாக வரும். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரே வகைப் பயனர்களை வைத்துச் செய்யும் ஒரு சுற்றுச் சோதனைக்குத்தான் பொருந்தும். பாட்டி ஒரு வகை, மையப் பணியாளர் இன்னொரு வகை.

படிக்க வேண்டுமென்றால், பிரிட்டன் அரசு 2011இல் தொடங்கிய மின்னணுச் சேவைப் பிரிவின் கையேடுகளைப் படி. இலவசம்தான். 2012இல் அவர்கள் வெளியிட்ட கோட்பாடுகளில் முதலாவது, பயனரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது. ஒரு பக்கத்தில் ஒரு கேள்வியோடு ஆரம்பித்துப் பார், பெயரை ஒரே பெட்டியில் கேட்கலாம் என்பவையெல்லாம் அங்கே காரணத்தோடு இருக்கின்றன. இணையத்தில் தானே செய்ய முடியாதவர்களுக்கு உதவுவதையும் சேவையின் பகுதியாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நம் ஊரிலும் இனி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கண்ணை இமைத்துக் காட்டினால்தான் கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்று வைத்ததால், அமிலத் தாக்குதலில் கண் சிதைந்தவர்களால் அதை முடிக்க இயலவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது.

சில்லறை விஷயம் ஒன்று. உன் பொத்தான்களை ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வரைந்திருக்கிறாய். ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று போட்டுப்பார்.

அக்கா இதைப் படித்தால், ‘வேலை எப்போது கிடைக்கும் என்று எழுதினாயா?’ என்பாள். நேர்முகத் தேர்வில் அழகான திரைகளை எல்லாரும்தான் காட்டுகிறார்கள். இன்ன இடத்தில் இத்தனை பேர் தடுமாறினார்கள், நான் இதை மாற்றினேன், மறுபடி பார்த்தபோது இப்படி நடந்தது என்று சொல்பவர்கள் குறைவு. எனவே அந்த உணவுச் செயலியை எடுத்துவிட்டு, ஒரே ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு புதிதாகச் செய். கோப்பில் யாருடைய பெயரும் வரக்கூடாது. ஆதார் எண் தெரியும் படம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. எடுத்திருந்தால் போனிலிருந்தும் அழித்துவிடு. பிறகு கோப்பை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா