செயலாளர் ஆண்டறிக்கை 2024–25, அரூர் வட்டாரம்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிக்கிறார். உறுப்பினர் சந்தா விவரமும் அதிலேயே வந்துவிடும். தீண்டாமையை ஒழிக்க இந்த ஆண்டு அரசிடம் நாம் என்ன கேட்டோம், எது நகர்ந்தது, எது இழுத்துக்கொண்டே போகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் மொரப்பூர் பக்கம் கூலி வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த விவகாரத்தில் இரண்டு பேர் கைதானது நினைவிருக்கும். அது வெளியே தெரிந்தது, வழக்கானது. வெளியே தெரியாத ஊர்களில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் நம் உறுப்பினர்கள் இந்த ஆண்டு டீக்கடை டீக்கடையாகப் போய் உட்கார்ந்தார்கள். தனித்தனிக் குவளையை ஆணியில் தொங்கவிடும் பழக்கம் அவர்கள் போன கடைகளில் இல்லை. ஆனால் ஒரு கடையில் கண்ணாடி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருக்க, ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து வந்த பெரியவருக்கு மட்டும் கேட்காமலேயே பேப்பர் கப் வந்தது. பெஞ்சில் இடம் கிடந்தும் அவர் புளியமரத்தடியில் நின்றுதான் குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் ஆளுக்கு டம்ளர். ஏன் என்று விசாரித்தால், அவரே அப்படித்தான் கேட்பார் என்கிறார் கடைக்காரர். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கும் அவர் அந்த ஊரில்தானே கூலிக்குப் போக வேண்டும்? பொதுவில் புழங்க வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. புகார் கொடுக்க அந்தப் பெரியவர்தான் வர வேண்டும் என்று காத்திருந்தால் காலத்துக்கும் ஒன்றும் நடக்காது. அரசு தானாகப் போய்ப் பார்க்க வேண்டும். நம் கோரிக்கையின் அடிப்படை இதுதான்.

மயானப் பாதை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஊரில் பட்டியல் சாதி மக்கள் மயானத்துக்குப் போகும் பாதை ஆவணத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. மரவள்ளிக் காடாகிவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு பாட்டியின் பாடையை வரப்பு மேல் தூக்கிப் போனபோது, முன்னால் போனவர்கள் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார்கள். பாடை சாயாமல் இருக்கப் பேரன்கள் இரண்டு பக்கமும் கை கொடுத்துக்கொண்டே வந்தார்கள். மறு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். அதுவரைக்கும் சரி. அப்புறம் பாதையை மீட்டுக் கொடுக்க வேண்டிய அலுவலகத்திலிருந்து, மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வந்ததோடு நின்றுவிட்டது. நட்ட கல்லில் ஒன்று இப்போது காணோம். மனுவை மறுபடி கொடுத்திருக்கிறோம். ஊரில் பேசித் தீர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பேசுவதற்கு நாம் எப்போதும் தயார்தான். ஆனால் சட்டப்படி உள்ள பாதையைக் கெஞ்சி வாங்க வேண்டிய நிலையில் யாரையும் நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து.

இந்த ஆண்டு நாம் அதிகம் வலியுறுத்தியது கண்காணிப்புக் குழுக்களைத்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சரியாக நடைமுறையாகிறதா என்று பார்க்க வேண்டியவை இவை. அந்தச் சட்டத்தின் 1995 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். மாவட்டக் குழுவில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களோடு அரசு சாராத உறுப்பினர்களும் உண்டு. விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும், நிவாரணத்தை 7 நாளில் தர வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. குழுக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை பேருக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு காலாண்டும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள் என்று கேட்டு முதல்வருக்கும் ஆட்சியருக்கும் கையெழுத்து மனு அனுப்பினோம். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

இதெல்லாம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அரூரை அடுத்த வாச்சாத்தியே சாட்சி. அந்தப் பழங்குடி கிராமத்தில் 1992 ஜூன் 20-இல் சோதனைக்குப் போன அரசு ஊழியர்களால் 18 பெண்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குத் தர்மபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011-இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது 2023 செப்டம்பர் 29-இல். அந்த மக்கள் சளைக்காமல் நின்றதால்தான் அதுவும் கிடைத்தது. அவர்களை நினைக்கும்போது நம் அலைச்சல் ஒன்றுமே இல்லை.

சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைக் காக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையையும் அனுப்பியிருக்கிறோம். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை அடுத்து 2012 நவம்பர் 7-இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் பட்டியல் சாதி மக்களின் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. இந்தக் கோரிக்கை நம்மிடமிருந்து உரக்கப் போக வேண்டும். பள்ளிகளில் சாதி வேறுபாட்டை ஒழிப்பது பற்றி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையை நடைமுறைப்படுத்தக் கேட்டும் மனு போயிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் முன்மொழிவு: ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் டீக்கடை, முடிதிருத்தும் கடை, மயானப் பாதை ஆகியவை பற்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதை நம் ஆள் ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். எந்த ஊருக்கு யார் பொறுப்பு என்பதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடலாம். பெயர் கொடுப்பவர்கள் துணைச் செயலாளரிடம் கொடுங்கள்.

செயலாளர்