சிகிச்சை முடிந்தவர் கையில் இருக்க வேண்டிய தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதிர்வீச்சும் கீமோதெரபி மருந்துகளும் சேர்ந்து மரபணுக்களைச் சிதைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி சரியானதே, ஆனால் அதைப் படித்துவிட்டு, நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையை யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

கதிர், டிஎன்ஏவின் இரு இழைகளையும் அறுக்கிறது. சிஸ்பிளாட்டின் என்னும் கீமோதெரபி மருந்து அதே இழைகளைத் தகாத இடங்களில் பிணைத்து, அறுந்ததைச் செல் ஒட்டவைத்துக்கொள்வதையும் தடுக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தந்தபோது உயிர்பிழைத்தோர் கூடியதைக் கண்டே, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இம்முறையை 1999இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் மருத்துவர்களுக்கு வலியுறுத்தியது. ஆகவே மரபணுவைச் சிதைப்பதுதான் சிகிச்சை. அடிபட்ட நல்ல செல் ஒன்று சாகாமல், பிழையைச் சுமந்துகொண்டே பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். 1960களில் உருவான ‘மாப்’ என்னும் நான்கு மருந்துக் கூட்டு, முற்றிய நிலையில் அதுவரை கொல்லும் நோயாக இருந்ததைக் குணமாகும் நோயாக்கியது. ஆனால் அதைப் பெற்றவர்களில் சிலருக்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்குள் இரத்தப் புற்றுநோய் வந்தது. மார்பில் கதிர் பெற்ற இளம்பெண்களில் சிலருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் வந்தது. இதில் ஒரு விந்தை உண்டு: கதிரோடு மாப் மருந்துகளையும் பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வந்தது, ஏனெனில் அம்மருந்துகள், மார்பகப் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பையைச் செயலிழக்கச் செய்திருந்தன. இரண்டு நஞ்சு சேர்ந்தால் கேடு எங்கும் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட முடியாது. பின்னர் மிலான் மருத்துவர் பொனடோனா வகுத்த ‘ஏபிவிடி’ கூட்டு மாப்பின் இடத்தைப் பிடித்தது. 2010இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, தொடக்கநிலை நோயில் ஆபத்துக் கூறுகள் இல்லாதோருக்கு ஏபிவிடியின் இரண்டு சுற்றுகளும் 20 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கதிரும் போதும் என்று காட்டியது.

என் தங்கைக்கு இருபத்து மூன்று வயதில் இதே நோய்க்கு மருந்தும் கதிரும் தரப்பட்டன. நாற்பத்தைந்தாம் வயதில் மார்பகத்தில் கட்டி. இரண்டு நோய்களுக்கும் தரப்படும், இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டென்பதாலும், கதிர்பட்ட இதயத்துக்கு அது இன்னும் குறைவென்பதாலும், முன்பு எவ்வளவு ஏறியது, கதிர் எத்தனை கிரே, எந்தப் பகுதியில் என்று மருத்துவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனையில் பழைய கோப்புகளை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மார்பில் கதிர் பெற்ற பெண்களுக்கு 25 வயது முதலோ, கதிர் முடிந்து எட்டாம் ஆண்டு முதலோ, இவற்றில் பிந்தியதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

சிகிச்சை முடியும் நாளிலேயே ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, கதிரின் அளவு, பட்ட இடம், இனி எப்போது எந்தப் பரிசோதனை என்பவற்றைத் தமிழிலும் எழுதிய ஒரு தாளை நோயாளியிடம் தருவதை அரசும் தனியார் மருத்துவமனைகளும் கட்டாயமாக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி