டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களைத் திரும்ப விடுங்கள்: பிரிட்டன் வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 22 அன்று இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டம் பற்றி மொரீஷியசுடன் தங்கள் அரசு செய்துகொண்ட ஒப்பந்தமே இம்மடலை எழுத வைத்தது. இறையாண்மை மொரீஷியசுக்கு, அத்தீவுகளில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தங்களுக்கு என்று முடிவாயிற்று. மற்ற தீவுகளில் மக்கள் மீண்டும் குடியேறலாம், டியேகோ கார்சியாவில் கூடாது. அத்தீவில் பிறந்த இரு பெண்கள் அன்று விடியுமுன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார்கள்; சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டு, அன்றே கையெழுத்தும் ஆனது.

பழைய கதை தங்கள் கோப்புகளிலேயே இருப்பதால், ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1971-இல், அந்தத் தளத்துக்காகத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டுக் கப்பலேறக் காத்திருந்த மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். தேங்காயை நம்பிப் பிழைத்தவர்களுக்குச் சோறு போட்ட கொட்டகை அது. ‘கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் இருக்கமாட்டார்கள்’ என்று தங்கள் அமைச்சகத்தில் 1966-இலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

1956-இல் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் நெருக்குதலால் பின்வாங்கி, 1968-இல் சூயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த ஒரு நாடு, போன செல்வாக்கை மீட்க ஒரு தீவைப் பிடித்துக்கொண்டு அதையும் அமெரிக்கத் தளத்துக்கே கொடுத்ததை ராஜதந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2021-இல் ‘உலகளாவிய பிரிட்டன்’ என்ற முழக்கத்தோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்த குயின் எலிசபெத் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த எஃப்-35 விமானங்களில் எட்டு தங்களுடையவை, பத்து அமெரிக்கர்களுடையவை. இரவல் நகை பூட்டிக் கல்யாணத்துக்குப் போவது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அதைச் சொத்துக் கணக்கில் எழுதுவதில்லை. 2019-இல் சாகோஸை விட்டு விலகுமாறு ஐ.நா. பொதுச்சபை தங்களைக் கோரியபோது 116 நாடுகள் ஆதரித்தன. தங்களையும் சேர்த்து ஆறு நாடுகளே எதிர்த்தன. பக்கத்து நாடான பிரான்சுகூடத் தங்களோடு நிற்காமல் வாக்களிப்பதைத் தவிர்த்தது. செல்வாக்கு எங்கே போயிற்று என்று தேடுவோர் அந்த வாக்குப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

மடல் கோரிக்கையிலிருந்து விலகிவிட்டது, பொறுத்தருள்க. தளத்தில் வேலை செய்யப் பிலிப்பைன்சிலிருந்து ஆட்களை வரவழைத்துத் தங்க வைக்க முடிகிறது. அங்கேயே பிறந்தவர் வந்து வாழ்ந்தால் மட்டும் பாதுகாப்புக்கு என்ன ஊறு நேரும் என்பதைத் தாங்கள் எழுத்து மூலம் விளக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையெனில், டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அங்கே திரும்பிச் சென்று வாழும் உரிமையை மொரீஷியசுடனும் அமெரிக்காவுடனும் பேசி ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கப்பலேற்றப்பட்டபோது குழந்தைகளாக இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. தயைகூர்ந்து காலம் தாழ்த்தாதீர்கள்.

இப்படிக்கு,
இந்தியப் பெருங்கடலின் இக்கரையில் வாழும் ஒரு தமிழ் வாசகர்